குழந்தைக்கு இதயக் கோளாறு என்று சொல்லிவிட்டார்களா? முதல் சந்தேகத்திலிருந்து ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் வரை

என் மகளுக்கு ஆறு வாரம் ஆனபோது தடுப்பூசி போடப் போயிருந்தோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார், இந்த முறை கொஞ்சம் அதிக நேரம். "ஒரு மர்மர் கேக்குது, எக்கோ எடுத்துப் பாத்துடலாம்" என்றார். மர்மர் என்றால் இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் இரைச்சல், எக்கோ என்றால் இதயத்துக்கான ஸ்கேன். கடைசியில் தெரிந்தது, இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை, வி.எஸ்.டி. ஐந்தாம் மாதத்தில் ஆபரேஷன். நடுவில் நாங்கள் பட்ட பாட்டில் பாதி நோயால் வந்தது அல்ல. எதை எடுத்துப் போக வேண்டும், எதை எப்போது கேட்க வேண்டும் என்று தெரியாததால் வந்தது. அந்தப் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்தளவு எதையும் இங்கே தேடாதீர்கள். ஆனால் ஒன்று: பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது, அதில் சுமார் நாலில் ஒரு பங்குக்குத்தான் முதல் வருடத்துக்குள்ளேயே ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ கட்டாயம் என்ற நிலை வரும். எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் முதல் இரண்டு இரவுகள் தூக்கமே போய்விட்டது.

1. சந்தேகத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு போங்கள்

"குழந்தை சரியாகப் பால் குடிக்க மாட்டேங்குது" என்று சொன்னால் எந்த டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "பத்து நிமிடத்தில் குடித்துக்கொண்டிருந்தது, இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது, நடுவில் நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்க்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் ஓட்டப் பந்தயம். இதயம் திணறினால் முதலில் அங்கேதான் தெரியும். எங்கள் மகளுக்கு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பால் குடிக்கிற நேரத்தில் மட்டும் தலையணையில் ஈரம் வட்டமாகப் படியும். உடம்புச் சூடு என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டோம்.

மூன்று விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலாவது மூச்சு. குழந்தை அசந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. இரண்டாவது எடை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது வழக்கம், அதனால் வாரம் ஒரு முறை ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்துப் பாருங்கள். மூன்றாவது நிறம். கையும் காலும் மட்டும் நீலமாவது பிறந்த குழந்தைகளுக்குக் குளிரில் சாதாரணமாக நடப்பது. நாக்கும் ஈறும் உதட்டின் உள்பக்கமும் நீலமாவது அப்படி அல்ல. மாநிறமோ கறுப்போ உள்ள குழந்தைகளுக்குத் தோலில் தெரியாது, வாய்க்குள்தான் பார்க்க வேண்டும்.

நோட்டெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள் என்கிற நேரங்களும் உண்டு. நாக்கு நீலமாவது, மூச்சு விடும்போது முனகுவது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுப்பது, பால் குடிக்கக்கூட எழுப்ப முடியாத மந்தம், வெளிறிப்போய் சில்லென்று வியர்ப்பது, மயக்கம். அமைதியாக இருக்கும்போதே கைக்குழந்தையின் இதயத் துடிப்பு எண்ண முடியாத வேகத்தில், நிமிடத்துக்கு 220க்கு மேல் ஓடினால் அதுவும் அவசரம்தான்.

எல்லாம் பிறவியிலேயே வருவதும் இல்லை. சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லை, கண் சிவந்திருக்கிறது, உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம் என்றால் கவாசாகி நோயா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இதயத்தின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும் நோய் அது. அதற்கான இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் ஏற்றுவதுதான் நல்லது. இந்த அறிகுறிகள் எல்லாமே ஒரே நாளில் சேர்ந்து வராது என்பதால், வந்து மறைந்ததையும் தேதியோடு சொல்லுங்கள்.

2. பிறந்த இடத்திலேயே கேட்க வேண்டிய ஒரு சின்ன டெஸ்ட்

இன்னும் பிரசவம் ஆகாதவர்கள், அல்லது இன்றைக்கு வார்டில் இருப்பவர்கள் இதைப் படியுங்கள், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சென்சாரைச் சுற்றி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். வலிக்காது, சில நிமிடம்தான். இரண்டிலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல், இரண்டுக்கும் வித்தியாசம் 3க்குள் என்றால் சரி. எதிலாவது 90க்குக் கீழே என்றால் உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள், எண்களை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் இதில் பாஸ் ஆனால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. எங்கள் மகள் பாஸ்தான். ஓட்டை உள்ள குழந்தைகள் பலருக்கு ஆக்சிஜன் குறையவே குறையாது. பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் அதிகம் என்பதால் ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது, சத்தமும் கேட்காது. சில வாரத்தில் அந்த அழுத்தம் இறங்கும்போதுதான் மர்மரும் மூச்சிரைப்பும் தொடங்கும். "பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தது" என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பதில் இதுதான். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகா தமனி சுருங்கியிருக்கும் கோளாறும் இந்த டெஸ்டில் தப்பிவிடக்கூடும், அதனால்தான் நல்ல டாக்டர் குழந்தையின் தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்ப்பார்.

கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சந்தேகம் சொன்னால் சிசுவுக்கான எக்கோ உண்டு. முதல் குழந்தைக்கு இதயக் குறை இருந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் இதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

3. போக வேண்டியது குழந்தை இதய மருத்துவரிடம்

நாங்கள் செய்த முதல் தவறு இது. பக்கத்திலேயே எக்கோ எடுக்கும் இடம் இருந்தது, மறுநாளே அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது, போனோம். பெரியவர்களுக்கு எடுக்கும் இடம். "சின்ன ஓட்டை, தானா மூடிடும்" என்று ஒரு பக்க ரிப்போர்ட். மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம், எடை ஏறவில்லை, அப்புறம் குழந்தைகளுக்கான இதய மருத்துவர் எடுத்த எக்கோவில்தான் ஓட்டை பெரிது என்று தெரிந்தது. கைக்குழந்தையின் இதயம் ஏறக்குறைய அதன் மூடிய கையளவு. அதைப் பார்க்கத் தனி புரோபும் (நெஞ்சில் வைத்து எடுக்கும் கருவி) தனிப் பழக்கமும் வேண்டும்.

அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: எக்கோ எடுப்பது குழந்தை இதய மருத்துவரா, அல்லது அவர் மேற்பார்வையிலா? வரிசை நீளமாக இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் மூச்சு எண்ணிக்கை, எடை, ஆக்சிஜன் அளவு மூன்றையும் போட்டு ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். பல இடங்களில் யாருக்கு முதலில் தேதி என்பதை அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மர்மர் என்றாலே பயப்படவும் வேண்டாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் நிறையப் பேருக்கு, காய்ச்சல் நேரத்தில் இன்னும் பலமாக, தீங்கில்லாத மர்மர் கேட்கும். வளர வளர அது போய்விடும். அப்படி என்று சொன்னால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு புது டாக்டரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

4. எக்கோ நாள்

எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வயிற்றில் குழந்தையைப் பார்த்த அதே மாதிரி ஸ்கேன்தான். ஆனால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும், அதுதான் கஷ்டமே. எங்கள் மகளுக்குக் கிளம்பும்போதே வயிறு முட்டப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டோம், காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் தூங்கி எழுந்து, உள்ளே போனதும் ஜெல் பட்டதும் ஒரே அலறல். பாதியில் நிறுத்தி வேறு தேதி கொடுத்தார்கள், அந்தப் பயணச் செலவும் ஒரு நாள் சம்பளமும் போனதுதான் மிச்சம்.

தூக்க மருந்து கொடுப்பார்களா என்று முதல் நாளே கேளுங்கள். மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்களுக்குப் பல இடங்களில் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்றால் எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு அப்படியே கடைப்பிடியுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால் அதற்கு நேர் எதிர்: பசியும் தூக்கமும் சேர்ந்து வருகிற மாதிரி நேரம் பார்த்து, உள்ளே கூப்பிடும்போது பால் கொடுக்கத் தொடங்குங்கள். முன்பக்கம் திறக்கிற சட்டை, பழகிய போர்வை, போனில் ஒரு வீடியோ, மாற்றுத் துணி. ஜெல்லைச் சூடுபடுத்த முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கூடவே ஈ.சி.ஜி, எக்ஸ்ரே எடுப்பார்கள். சி.டி, எம்.ஆர்.ஐ, தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டுப் பார்க்கும் கத்தீட்டர் டெஸ்ட் எல்லாம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் "எக்கோவில் தெரியாத எது இதில் தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

5. ரிப்போர்ட் கையில் வந்ததும் கேட்க வேண்டியது

ரிப்போர்ட்டில் எழுத்தெல்லாம் சுருக்கமாக இருக்கும், இணையத்தில் ஒவ்வொன்றாகத் தேடி ராத்திரி இரண்டு மணிக்கு அழுதுகொண்டிருப்பதால் பயனில்லை, எனக்குத் தெரியும். டாக்டர் முன்னால் இருக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளை நீட்டி இதயத்தின் படம் போட்டு விளக்கச் சொல்லுங்கள். எங்கள் டாக்டர் நாலு கட்டம் போட்டு, நடுக்கோட்டில் பேனாவால் ஒரு இடத்தை அழித்துக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

கேள்விகள்: என்ன கோளாறு, எத்தனை மில்லிமீட்டர்? நுரையீரல் அழுத்தம் எவ்வளவு? தானாக மூட வாய்ப்பு உண்டா? மருந்தா, கத்தீட்டர் வழியாக மூடுவதா, நெஞ்சைத் திறந்து ஆபரேஷனா? ஒரே ஆபரேஷனோடு முடியுமா? கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: எதுவரை காத்திருக்கலாம்? "பார்ப்போம்" என்று சொன்னால் "எதுவரை பார்ப்போம் டாக்டர், எந்தத் தேதி வரை, எந்த எடை வரை, என்ன தெரிந்தால் அதற்கு முன்னாலேயே வர வேண்டும்?" என்று கேட்டு அந்த மூன்றையும் எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நோய்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. கீழறைகளைப் பிரிக்கும் சுவரின் சதைப் பகுதியில் இருக்கும் சின்ன வி.எஸ்.டி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், காத்திருப்பதுதான் சிகிச்சை. பெரிய வி.எஸ்.டிக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் என்பார்கள். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து, அப்புறம் ஓட்டையை மூடவே கூடாது என்ற நிலை வந்துவிடும். மேலறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை, ஏ.எஸ்.டி, தொந்தரவு இல்லாவிட்டால் மூன்றிலிருந்து ஐந்து வயது வரைகூடக் காத்திருக்கலாம், பலருக்குக் குடை மாதிரி விரியும் ஒரு கருவியைக் கத்தீட்டர் வழியாக வைத்தே மூடிவிடுவார்கள். இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்குக் கெடு நாட்கணக்கில், பிறந்த சில வாரத்துக்குள் மாற்றி இணைத்துவிட வேண்டும், அதுவரை புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும். ஒரே கீழறை மட்டும் வேலை செய்யும் குழந்தைகளுக்கு மூன்று கட்டமாக ஆபரேஷன்: பிறந்த சில நாள் அல்லது வாரத்தில், நாலிலிருந்து ஆறாம் மாதம், இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்.

ஃபாலோ டெட்ராலஜி என்ற நீலக் கோளாறுக்கு வழக்கமாக முதல் வருடத்துக்குள் ஆபரேஷன். அதற்கு முன்னால், அழுதாலோ காலையில் எழுந்ததுமோ குழந்தை திடீரென்று கருநீலமாகி மூச்சு வாங்கும். அப்போது இரண்டு முழங்கால்களையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, குழந்தையை அமைதிப்படுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தப் பிடியை டாக்டர் அறையிலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பது துரோகம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் மட்டும் போதாது, எக்கோ வீடியோவை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் மூன்றாவது, நாலாவது என்று அலைந்து கெடுவைத் தாண்டிவிடாதீர்கள்.

6. காத்திருக்கும் காலம்

எங்களுக்கு இது இரண்டு மாதம், மொத்தக் கதையில் மிகவும் களைத்துப்போனது இங்கேதான். உடம்பில் நீர் சேராமல் இருக்க ஃபுரோஸமைட், கூட ஒன்றிரண்டு மருந்துகள், எல்லாம் அரை மில்லி ஒரு மில்லி கணக்கில். வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச் வாங்குங்கள், ஸ்பூன் வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கைக்குழந்தைக்கான பல இதய மருந்துகள் ரெடிமேட் சிரப்பாகக் கிடைக்காது, மாத்திரையைப் பொடித்துக் கடையில் கலந்து தருவார்கள், ஒரு கடையில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் இன்னொரு கடையில் ஐந்து இருக்கலாம். பழைய பாட்டிலுக்குச் சொன்ன மில்லியைப் புது பாட்டிலிலிருந்து கொடுத்தால் ஐந்து மடங்கு போய்விடும். நாங்கள் கடை மாற்றிய அன்று லேபிளின் நிறம் வேறாக இருந்ததால் என் மனைவி சந்தேகப்பட்டுப் போன் செய்தாள், அதனால் தப்பித்தோம். மருந்துச் சீட்டில் மில்லியும் மில்லிகிராமும் இரண்டுமே இருக்க வேண்டும், ஒவ்வொரு புது பாட்டிலையும் சீட்டோடு ஒப்பிட வேண்டும். மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பக் கொடுக்காதீர்கள், முக்கியமாக இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கும் டிகாக்சின் என்ற மருந்தை. என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென் கொடுக்கலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி, சில இதய மருந்துகளோடு அது ஒத்துப்போகாது.

பால் விஷயத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. அரை மணி நேரத்துக்கு மேல் குடிக்கவைத்தால் குடித்த சத்து குடித்த உழைப்புக்கே சரியாகிவிடும். சத்து கூட்டிய பால், தேவைப்பட்டால் மூக்கு வழியாக டியூப், இரண்டையும் டாக்டர் சொன்னால் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டியூப் போட்ட அன்றைக்கு என் மனைவி அழுதாள், பத்து நாளில் 250 கிராம் ஏறியதும் அழுகை நின்றது.

தடுப்பூசிகளை இதயக் கோளாறு என்பதற்காக நிறுத்தக் கூடாது, சளிக் காய்ச்சலே இந்தக் குழந்தைகளை ஐசியுவுக்குக் கொண்டுபோகும். ஆர்.எஸ்.வி என்ற நெஞ்சுச் சளி வைரஸுக்கு எதிரான ஊசி உங்கள் குழந்தைக்கு உண்டா என்று கேளுங்கள். ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருந்தால் அம்மை மாதிரியான உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டும், அந்தத் தேதியை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

7. பேப்பர்கள்

ஒரு தடித்த ஃபைல், தேதி வரிசையில், புதியது மேலே. பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, எடைக் குறிப்பு, எல்லா எக்கோ ரிப்போர்ட்டும் வீடியோவும், ஈ.சி.ஜி மூலப் பிரதி, ரத்தப் பரிசோதனைகள், ரத்த வகை, இப்போது கொடுக்கும் மருந்துப் பட்டியல், ஒவ்வாமைகள், மரபணு டெஸ்ட் எடுத்திருந்தால் அதன் முடிவு. அந்த டெஸ்ட்டைச் சும்மா எழுதுவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு, 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு குறையும் குழந்தைகளுக்குக் கால்சியம் குறையும், ஏற்றும் ரத்தத்தையும் தனியாகத் தயார் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

யாரும் எச்சரிக்காத பொறி: பெயர். பிறந்த ஆஸ்பத்திரிப் பேப்பரில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, அம்மா பெயரைப் போட்டு அவருடைய குழந்தை என்று இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், எக்கோவில் செல்லப் பெயர், இன்சூரன்ஸில் இன்னொரு எழுத்துக் கூட்டல். எங்கள் விண்ணப்பம் ஒரே ஒரு எழுத்துக்காகப் பதினோரு நாள் நின்றது. ஆபரேஷன் பேச்சு வந்த அன்றே பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்த்து, மற்ற எல்லா இடத்திலும் அதே எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

8. செலவு

தொகை நான் சொல்லப்போவதில்லை, நாட்டுக்கு நாடு, கோளாறுக்குக் கோளாறு அது வேறு. பணம் எங்கே கசிகிறது என்று சொல்கிறேன். மதிப்பீட்டுக் கடிதத்தில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதில் எத்தனை நாள் ஐசியு அடக்கம் என்று கேளுங்கள். நாங்கள் மூன்று நாள் என்று எண்ணியது ஆறு நாள் ஆனது, கூடுதல் நாட்களுக்குத் தனி பில். ரத்தமும் ரத்தக் கூறுகளும், கத்தீட்டர் வழியாக வைக்கும் கருவி, ஓட்டையை மூடத் தைக்கும் ஒட்டு, வால்வு, திடீரென்று இன்னொரு ஆபரேஷன், இவை உள்ளேயா வெளியேயா? பெற்றோர் தங்குமிடம், போக்குவரத்து, சம்பளமில்லாத விடுப்பு, வீட்டில் இருக்கும் மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் எந்த மதிப்பீட்டிலும் வராது. ஆபரேஷனுக்குப் பிறகான மருந்தும் எக்கோவும் வருடக்கணக்கில் தொடரும்.

இன்சூரன்ஸ் இருந்தால் "பிறவிக் கோளாறு" என்ற சொல் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மனமுடைய வேண்டாம், அரசுத் திட்டம், ஆஸ்பத்திரியின் உதவி நிதி, தொண்டு அமைப்பு என்று பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு வழி இருக்கும். அதற்குப் போக வேண்டிய கதவு ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். பில்லிங் கவுன்ட்டரில் நிற்பதற்கு முன்னால் அவரைப் பாருங்கள். இந்த உதவிகள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கினால்தான் கிடைக்கும், பில் கட்டியபின் கேட்டால் திரும்ப வராது.

9. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

வீட்டுக்கு விருந்தாளி வேண்டாம், கூட்டத்துக்குப் போக வேண்டாம். எங்களுக்கு முதல் தேதி சளியால் தள்ளிப்போனது, மூக்கு ஒழுகினால் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்ப வேண்டும். மறைக்காமல் போன் செய்து சொல்லுங்கள். பல் முளைத்த குழந்தை என்றால் சொத்தை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பல்லிலிருந்து கிருமி ரத்தம் வழியாக இதயத்தில் போய் உட்காரும். ரத்தம் கொடுக்க ஆள் தேவையா, எத்தனை பேர் என்று கேட்டு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரம் பல இடங்களில் இப்படி: திட உணவும் பவுடர் பாலும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நாலு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதே கணக்கு. முதல் கேஸாகப் போட முடியுமா என்று கேளுங்கள், பசியில் கதறும் குழந்தையோடு மதியம் வரை உட்கார்ந்திருப்பது கொடுமை.

சம்மதப் படிவத்தை முதல் நாள் சாயங்காலமே கேட்டு வாங்கிப் படியுங்கள், காலையில் நடுங்குகிற கையோடு படிக்க முடியாது. அந்த ஆபரேஷனை இந்தக் குழுவினர் எத்தனை செய்திருக்கிறார்கள், ஆபத்து எவ்வளவு என்று நேராகக் கேட்கலாம்.

10. ஐசியுவில் முதல் பார்வை

முன்கூட்டியே தெரிந்தால் பாதி அதிர்ச்சி குறையும். குழந்தை வீங்கியிருக்கும், வாயில் வென்டிலேட்டர் டியூப், நெஞ்சிலிருந்து சிவந்த நீர் வடியும் குழாய், கழுத்திலும் கையிலும் ஊசிகள், வயிற்றருகே தேவைப்பட்டால் பேஸ்மேக்கர் மாட்டுவதற்காக நூல் மாதிரி இரண்டு கம்பி. சில பச்சிளங் குழந்தைகளுக்கு வீக்கம் குறையும் வரை நெஞ்சை மூடாமலே ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். என் மகளின் உள்ளங்கால் இளஞ்சிவப்பாகச் சூடாக இருந்தது. அதுவரை எப்போதும் சில்லென்றிருந்த கால் அது. நர்ஸ் சொல்லித்தான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

மானிட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஓயாமல் மணி அடிக்கும், பாதி சென்சார் நழுவியதால். தினம் ஒரு நேரத்தில் டாக்டரிடம் மூன்றே கேள்வி: நேற்றைவிட என்ன மாறியது, இன்று என்ன எடுக்கப் போகிறீர்கள், எதைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள்? தாய்ப்பால் கொடுப்பவர்கள் பம்ப் செய்து சேமிக்க ஏற்பாடு கேளுங்கள், நிறுத்தினால் பால் வற்றிவிடும். சிக்கலில்லாத வி.எஸ்.டி ஆபரேஷன் என்றால் மொத்தம் ஒரு வாரம் போல ஆகும், ஆனால் உங்கள் பையில் இரண்டு வாரத்துக்குத் துணி இருக்கட்டும்.

11. வீட்டுக்கு வந்தபின்

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, கடைசி எக்கோ, உள்ளே கருவி வைத்திருந்தால் அதன் அட்டை, மருந்துச் சீட்டு, ராத்திரியில் கூப்பிட ஒரு எண், அடுத்த தேதி. ஒவ்வொரு மருந்துக்கும் அதே பழைய கேள்வி: எதுவரை? ஆஸ்பிரின் கொடுத்தால், சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெஞ்செலும்பு கூட ஆறு வாரம் போல ஆகும், அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே, அள்ளித்தான் தூக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் ஒரு தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டிவிட்டேன்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து நீர் வடிவது, பால் மறுப்பது, மறுபடியும் மூச்சு வேகமாவது, கண்ணிமை வீங்குவது, ஓயாத எரிச்சல், எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்தும் இதயத்தைச் சுற்றி நீர் சேரக்கூடும். அது சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும். பல் சிகிச்சைக்குப் போகும்போது ஒட்டு அல்லது கருவி வைத்த முதல் ஆறு மாதம் முன்னதாக ஆன்டிபயாடிக் தேவைப்படும், சில குழந்தைகளுக்கு அதன் பிறகும்.

அப்புறம் அந்தப் பழைய நோட்டை எறிந்துவிடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரம் என் மகளுக்கு மூச்சு 38, பால் குடிக்கும் நேரம் பன்னிரண்டு நிமிடம், தலையணை காய்ந்திருந்தது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எக்கோ பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்.